இன்னொரு பொய் சொல், மருமகளே

அன்பும் பொறுமையும் நிறைந்த என் மருமகளுக்கு, உன் மாமனார் முழு மரியாதையுடனும் கொஞ்சம் கோபத்துடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நான் சௌக்கியம். உன் அப்பாவும் சௌக்கியம். இதை நீ நம்பமாட்டாய். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியமாக இல்லை என்று கதை கட்டிவிட்டவளே நீதானே, பிறகு எப்படி நம்புவாய்? அங்கே நீயும் என் பிள்ளையும் பயிற்சி, வேலை என்று ஓடிக்கொண்டிருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். என் பிள்ளை குல்லா போடமாட்டான். தலை கலைந்துவிடும் என்பான். கலைவதற்கு இப்போது எத்தனை முடி மிச்சம் இருக்கிறது என்று அப்பா கேட்டதாக அவனிடம் சொல்.

போனில் பேசாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேச உன் அப்பா எங்கே விடுகிறார்? நான் போனைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நம்ம புள்ளையா? ஸ்பீக்கர்ல போடுங்க சம்பந்தி" என்கிறார். வீடோ உனக்குத் தெரிந்த வீடு. கூடத்தில் தும்மினால் சமையலறையில் தட்டு அதிரும். அதனால் குடிநீர் ஆபீசுக்குப் புகார் எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அவரும் அதை அப்படியே நம்பி, "நல்லா காட்டமா எழுதுங்க, சும்மா விடாதீங்க" என்று சொல்லி, இஞ்சி தட்டிப் போட்ட டீயை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, நான் எழுதுவதைப் பார்க்கக்கூடாதாம், முகத்தைத் திருப்பிக்கொண்டே வெளியே போனார். எனக்கு மனசு உறுத்துகிறது. ஆனால் இந்த வீட்டில் பொய்யை ஆரம்பித்து வைத்தது நான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உன் அப்பா தன் வீட்டுக்குத் திரும்பிப் போக நீ டிக்கெட் எடுத்திருக்கிறாய். குளிர் விட்டுவிட்டது, இனி அவர் தனியாக இருந்துகொள்வார் என்று உன் கணக்கு. அவர் போகக்கூடாது. அதற்கு நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். என்ன காரியம் என்று கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மீதியை நீ படிக்கமாட்டாய், உன் புருஷனும் இப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு, நீங்கள் இருவரும் கிளம்புகிற வாரம், நீ என் எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "மாமா, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. தனியா இருந்தா மருந்தே சாப்பிட மாட்டாரு. குளிர் முடியற வரைக்கும் உங்ககூட இருக்கட்டும். ஆனா உங்களுக்கு விஷயம் தெரியும்னு காட்டிக்காதீங்க. ரோஷக்காரர், அன்னிக்கே பையைத் தூக்கிடுவாரு." நான் உருகிப்போய்விட்டேன். அதே நாள் சாயங்காலம் நீ அவருக்குப் போன் போட்டு, "அப்பா, மாமாவுக்கு அடிக்கடி தலை சுத்துது. சாப்பாடும் இறங்கல, ஆளே இளைச்சுப் போயிட்டாரு. நீங்க கொஞ்ச நாள் கூட இருந்து பாத்துக்கோங்க. ஆனா உங்களுக்கு விஷயம் தெரியும்னு காட்டிக்காதீங்க, கூச்சப்படுவாரு" என்றாயாம். அவரும் உருகிப்போய்விட்டார். எனக்குத் தலைசுற்றலாம்! முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, ஒரு நாளைக்கு இருநூறு பஸ் என் முன்னால் வட்டமடித்துத் திரும்பியதைப் பார்த்தும் சுற்றாத தலையம்மா இது.

ஆக, அவர் என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். நான் அவரைப் பார்த்துக்கொள்ள வரவழைத்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதன் பலன் முதலில் குளியலறையில் தெரிந்தது. நெஞ்சுச் சளிக்காரர் பச்சைத் தண்ணீரில் குளிக்கக்கூடாதே என்று நான் விடிவதற்கு முன்பே எழுந்து, சத்தமில்லாமல் போய், வாட்டர் ஹீட்டர் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து மறுபடி போர்த்திக்கொள்வேன். ஐந்து நிமிஷம் கழித்து, தலைசுற்றல்காரர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு விழுந்துவைக்கக்கூடாதே என்று அவர் சத்தமில்லாமல் எழுந்துபோய் அதே சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து போர்த்திக்கொள்வார். ஹீட்டரில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு போய் இரண்டு வருஷம் ஆகிறது, அந்தப் பழைய சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஓடுகிறது என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு நாள்! பதினோரு நாள் நாங்கள் இரண்டு பேரும் ஐஸ் தண்ணீரில் குளித்தோம். குளித்துவிட்டு வெளியே வந்து, பல் கிட்டிப்போன நிலையில், "ஆஹா, தண்ணி நல்லா இதமா இருந்துச்சு சம்பந்தி" என்று அவர் சொல்வார். நானும் போய் நடுங்கிவிட்டு வந்து, "ஆமா, எனக்குக் கொஞ்சம் சூடு அதிகமாவே இருந்துச்சு" என்பேன். எனக்கு மட்டும் அவர் வெந்நீர் மிச்சம் வைக்கவில்லை என்று நான் நினைத்தேன், தான் குளித்து முடித்த பிறகுதான் தண்ணீர் சூடாகிறது என்று அவர் நினைத்தார். சம்பந்தி ஆயிற்றே, எப்படிக் கேட்பது?

பன்னிரண்டாம் நாள் அவர் அசந்து தூங்கிவிட்டார். சுவிட்சை நான் மட்டும் தட்டினேன். குளியலறையிலிருந்து "ஐயய்யோ" என்று ஒரு சத்தம். நான் பதறியடித்துக்கொண்டு ஓடினால், துண்டைக் கட்டிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நிற்கிறார். "சம்பந்தி, தண்ணி கொதிக்குது!" "தினமும் கொதிக்கிறதுதானே சம்பந்தி?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வந்தது, பாதி உண்மைதான், யாருக்காக எழுந்தோம் என்பதை மட்டும் இரண்டு பேரும் விழுங்கிவிட்டோம். அன்றைக்கு முதல் குவளை வெந்நீர் முதுகில் விழுந்தபோது, மருமகளே, நான் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் நன்றி சொன்னது. இத்தனை வருஷம் தினமும் ஊற்றிக்கொண்ட வெந்நீர்தான், ஒரு நாளும் நான் அதை மதித்தது இல்லை.

அடுத்தது நாற்காலி. எதிர்த் தெருவில் அந்த உயரமான கட்டடம் வந்ததிலிருந்து நம் வீட்டுக் கூடத்துக்குக் குளிர்காலத்தில் கிடைக்கிற வெயில் அவ்வளவுதான், காலை ஒன்பது நாற்பதுக்கு ஜன்னல் வழியாக வரும், பதினொன்று ஐந்துக்குப் புறப்பட்டுவிடும். நான் டைம் கீப்பர், நிமிஷம் தப்பாகச் சொல்லமாட்டேன். அந்த வெயில் விழுகிற இடத்தில் ஒரே ஒரு நாற்காலி. ஒன்பது நாற்பதுக்கு நான் எழுந்து, "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்பேன். அவர், "சேச்சே, நீங்க உக்காருங்க" என்பார். "நான் இவ்வளவு நேரம் அடுப்புப் பக்கம் இருந்தேன், நீங்க உக்காருங்க." "உங்க வீடு, உங்க நாற்காலி, நீங்க உக்காராம நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?" "நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவங்க." "நீங்க எங்க பொண்ணை வச்சுக் காப்பாத்துறவங்க." இப்படியே பேசிப் பேசி இரண்டு பேரும் நிழலில் நின்றுகொண்டே நடுங்குவோம், வெயில் அந்தக் காலி நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்திருந்துவிட்டுப் பதினொன்று ஐந்துக்கு எழுந்து போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து மாடிவீட்டுப் பூனை வந்து அதில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குச் சம்பந்தி இல்லை, மரியாதை இல்லை, ஒரு கவலையும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று, அது புரண்டு படுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தெருவில் இன்னொரு கூத்து. ரொட்டி வாங்கப் போகும்போது உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பாவம், பலவீனம், பிடிமானம் தேடுகிறார் என்று நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நான் இறுக்கியதும், இவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் தோளோடு சேர்த்து அணைத்துக்கொள்வார். இப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டே கடைத்தெரு முழுக்க நடந்தோம். மருந்துக்கடைக்காரர், "அண்ணன் தம்பிகூட இப்படி இருக்க மாட்டாங்க சார்" என்று கண் கலங்கினார். அந்த மருந்துக்கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. நான் ஒரு நாள் தனியாகப் போய்ச் சளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்க, இஞ்சியும் மிளகும் நிறையச் சேர்த்துக் கொடுங்கள் என்றார். உன் அப்பா மறுநாள் தனியாகப் போய் இளைத்த உடம்புக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்க, ஒரு பெரிய டப்பா சத்துமாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரிடமும், "சரி சார், அவர்கிட்ட சொல்லமாட்டேன்" என்றிருக்கிறார்.

நான் டீயில் மிளகைத் தட்டிப் போட்டு, புது டீத்தூள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் குடித்ததும் இருமினார். ஐயோ, சளி இறங்கவில்லையே என்று அடுத்த நாள் மிளகைக் கூட்டினேன். இன்னும் இருமினார். இன்னும் கூட்டினேன். அவர் பங்குக்கு என் பாலில் அந்தச் சத்துமாவை ஒரு கரண்டி, பிறகு இரண்டு கரண்டி, பிறகு கரண்டியை விட்டுவிட்டுக் கையால் அள்ளிப் போட்டார். பால் ஏன் கூழ் மாதிரி இருக்கிறது என்று கேட்டால், "குளிருக்குப் பால் கெட்டியாகும் சம்பந்தி" என்றார். நான் நம்பினேன். சம்பந்தி ஆயிற்றே.

இதற்கு நடுவில்தான் தையல் மெஷின் விஷயம். உன் அத்தை போய் நாலு வருஷமாக அது மூலையில் விரிப்பு போட்டு மூடியபடி இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். நான் அதன் பக்கம் போகமாட்டேன், துடைக்கக்கூட மாட்டேன். உன் அப்பா ஆயுசு முழுக்கக் கோட்டு தைத்த கை, அந்த மூலையைப் பார்த்தும் பார்க்காததுபோல் பத்து நாள் இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி வந்து, "சம்பந்தி, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கலாமா?" என்றார். எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. "இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் விரிப்பை எடுத்து, மடித்து வைத்து, தூசி தட்டி, ஒவ்வொரு இடமாக எண்ணெய் விட்டார். "எவ்வளவு நல்லா வச்சிருந்திருக்காங்க பாருங்க. ஊசியில நூல் கோத்தபடியே இருக்கு." நீல நூல். எதையோ தைத்துக்கொண்டிருந்து பாதியில் எழுந்துபோயிருக்கிறாள். வேறு யாராவது இருந்தால் அந்த நூலை இழுத்து எறிந்துவிட்டுப் புது நூல் போட்டிருப்பார்கள். உன் அப்பா அந்த நூலிலேயே தைத்தார், அது தீர்கிற வரைக்கும். பின்கட்டில் கிடந்த மரப் பெஞ்சுக்கு அளவெடுத்து, பழைய கம்பளியை உள்ளே வைத்து, நீல நூலால் ஒரு நீள மெத்தை தைத்து ஜன்னலோரம் போட்டார். இப்போது ஒன்பது நாற்பதுக்கு யாரும் யாரையும் உட்காரச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பேரும் உட்காரலாம், நடுவில் பூனையும். அன்று வெயிலில் உட்கார்ந்து நான் அழுதேன் மருமகளே. அவர் பார்க்காததுபோல் ஆரஞ்சு உரித்து, ஒவ்வொரு சுளையாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். இதற்காக அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. கதவுக்கு அடியில் ஊதல் காற்று வருகிறது என்று துணிக் கிழிசலை அடைத்து நீளமாக உருட்டித் தைத்து அங்கே போட்டார். என் ஸ்வெட்டருக்கு உள்ளே மெல்லிய துணி கொடுத்துத் தைத்தார், இருபது வருஷமாக என் கழுத்தை அரித்த ஸ்வெட்டர் அன்றைக்குத்தான் அரிப்பை நிறுத்தியது. பிறகு எனக்குக் கையில்லாத கோட்டு ஒன்று தைக்கப்போகிறேன் என்று இஞ்ச் டேப்பை எடுத்தார். எடுத்தவர் வைக்கவே இல்லை. திங்கட்கிழமை அளந்தார், வெள்ளிக்கிழமை அளந்தார், அடுத்த வாரம் மறுபடி அளந்தார். "ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை சம்பந்தி அளப்பீங்க?" என்று கேட்டால், "குளிருக்குத் துணி சுருங்கும்" என்றார். பால் கெட்டியாகிறது, துணி சுருங்குகிறது, எல்லாவற்றுக்கும் குளிர். கோட்டு மட்டும் முடியவே இல்லை. தைப்பார், போட்டுப் பார்ப்போம், பட்டன் எட்டாது, பிரிப்பார்.

குட்டு உடைந்த கதையைக் கேள். ஒரு மத்தியானம் அவர் கோட்டு வெட்டக் காகிதம் தேடிக்கொண்டு என் மேஜை டிராயரைத் திறந்திருக்கிறார். அதே நேரத்தில் நான் நகம் வெட்டக் கத்தரிக்கோல் தேடி அவர் தையல் டப்பாவைத் திறந்தேன். கூடத்தில் எதிரும் புதிருமாக வந்து நின்றோம், என் நோட்டு அவர் கையில், அவர் நோட்டு என் கையில்.

"என்ன சம்பந்தி இது?" என்று அவர் வாசித்தார். "'காலை ஆறு பத்து, இருமல் இரண்டு. டீக்குப் பின் ஆறு. ஆறு இருபத்தைந்து, ஒன்று, நீளமானது.' நான் என்ன பஸ்ஸா?"

"நீங்க எழுதினதைக் கேளுங்க," என்று நான் வாசித்தேன். "'இடுப்பு முப்பத்து நாலு. இடுப்பு முப்பத்து நாலரை. இடுப்பு முப்பத்தாறேகால், தேறி வருகிறார், நிம்மதி.' நான் என்ன கன்னுக்குட்டியா?"

"உங்களுக்குத் தலை சுத்துதுன்னு பதறிப்போய் இருக்கேன், நீங்க கன்னுக்குட்டிங்கிறீங்க!"

"தலை சுத்துதா? எனக்கா? உங்களுக்குத்தானே நெஞ்சுச் சளி!"

"எனக்கு எங்கேய்யா சளி? நீங்க குடுக்கிற டீயில தொண்டை எரியுது, இருமுறேன்!"

"யாரு சொன்னா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். உங்கள் கல்யாணப் போட்டோவில் நீ ஒன்றுமே தெரியாத குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா முதன்முறையாகச் சம்பந்தி மரியாதையை மறந்து என்னை உரிமையோடு "எங்கேய்யா" என்று கேட்டுவிட்டதை அப்போதுதான் உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அது அத்தனை சந்தோஷமாக இருந்தது. பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது, எனக்கு நிஜமாகவே தலை சுற்றிவிட்டது. பாவம், புள்ளை நம்ம ரெண்டு பேருக்காகத்தானே இவ்வளவு மெனக்கெட்டிருக்கு, நமக்குத் தெரிந்துபோனதைச் சொல்லி அதைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். இப்போது நான் சொல்லிவிட்டேன். அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. மத்தியானம் கம்பளிகளை மொட்டைமாடியில் விரிப்போம், வெயில் இறங்குவதற்குள் சூடு ஆறாமல் மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்குவோம், யார் கம்பளி அதிகம் சூடு என்று சண்டை போடுவோம். சாயங்காலம் இரும்புச் சட்டியில் வேர்க்கடலை வறுப்பார், நான் ஊதி ஊதித் தோல் நீக்குவேன், வீடெல்லாம் தோல் பறக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்ததும் அவர் விரலால் காலர் வரைவார், கைப்பட்டி வரைவார், நான் பக்கத்தில் பழைய பஸ் நேரங்களை எழுதுவேன். படுப்பதற்கு முன் இஸ்திரிப் பெட்டியால் படுக்கை விரிப்பை ஒரு ஓட்டு ஓட்டிவிடுவார், அந்தச் சூட்டுக்குள் காலை நீட்டும்போது "அப்பாடா" என்று என்னையறியாமல் சத்தம் வரும், அந்தக் கட்டிலிலிருந்து அவரும் "அப்பாடா" என்பார். போன குளிர்காலத்திலும் நீங்கள் வேலை என்று வெளியூரில்தான் இருந்தீர்கள், நான் சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துவிடுவேன். குளிர் தாங்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். குளிருக்கு இல்லையம்மா. விழித்திருந்து என்ன செய்வது? சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவேன், ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு, மேஜை என்று. பால்காரரிடம் பேசினால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது. நீ அதையெல்லாம் எப்படியோ பார்த்திருக்கிறாய். பார்த்ததைச் சொல்லிக் காட்டாமல் ஒரு பொய்யைச் சொல்லி ஒரு மனுஷரைக் கொண்டுவந்து விட்டாய். உன்னை இந்த வீட்டுக்கு அனுப்பியதற்கு நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அத்தனை பேருக்கும் தினமும் சொல்கிறேன்.

இப்போது டிக்கெட். நீ அதை அனுப்பிய நாளிலிருந்து உன் அப்பா பை கட்டுகிறார். பத்து நாள் இருக்கும்போதே! தினமும் சாயங்காலம் அறைக்குள் போய் பையின் ஜிப்பைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். சர்ரென்று அந்தச் சத்தம் கூடத்துக்குக் கேட்கிறது. இவ்வளவு அவசரமா அவருக்கு? இங்கே அப்படி என்ன குறை? ஒரு வார்த்தை "இருங்க" என்று சொல்லலாம்தான். நான் சொன்னால், மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "இல்ல சம்பந்தி, ஏற்கெனவே உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்பார். நான், "தொந்தரவு என்ன தொந்தரவு" என்பேன். அவர், "நாலு பேர் என்ன சொல்லுவாங்க, பொண்ணு வீட்டுக்காரன் டேரா போட்டுட்டான்னு" என்பார். நாற்காலி கதைதான், பஸ் வந்துவிடும். சரி, போக ஆசைப்படுகிறவரைப் பிடித்து வைப்பதும் பாவம் இல்லையா என்று இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஆகவே மருமகளே, நீ இன்னொரு பொய் சொல்ல வேண்டும். புதன்கிழமை வாக்கில் அவருக்குப் போன் போட்டு, "அப்பா, மாமாவுக்கு இந்தத் தடவை நிஜமாவே தலை சுத்துதாம், டாக்டரே சொல்லிட்டாரு" என்று சொல். அளவாகச் சொல், விழுந்துவிட்டேன் என்றெல்லாம் சொன்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். நீ ஏற்கெனவே ஒரு முறை ஏமாற்றியவள், எளிதில் நம்பமாட்டார், அதனால் என் பங்குக்கு நானும் நடித்து உதவுகிறேன். நேற்றே கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். நெற்றியில் கை வைத்து லேசாகச் சாய்ந்ததில் டம்ளர்கள் அடுக்கியிருந்த தட்டு முழுக்கக் கவிழ்ந்து, அவர் ஓடி வந்து, "என்ன சம்பந்தி, டான்ஸ் ஆடுறீங்களா?" என்று கேட்டார். புதன்கிழமைக்குள் தேறிவிடுவேன்.

நீயும் என் பிள்ளையும் கைகோத்து இன்னும் எத்தனையோ குளிர்காலம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் உங்களுக்கு வெந்நீர் தீராமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தலைசுற்றல் இல்லாத,
புதன்கிழமையிலிருந்து இருக்கப்போகிற,
உன் மாமனார்.

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்யாதே. கடிதத்தை நேற்றே உறையில் போட்டு வைத்தேன், தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு கெட்ட யோசனை வந்தது. உன் பொய் பலிக்காமல் போனால் என்ன செய்வது, பையை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துவிடலாம் என்று அறைக்குள் போனேன். நாலு நாளாகக் கட்டிய பை, நல்ல கனம் இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் பின்னால் சரிந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பை காலி. ஜிப்பைத் திறந்து பார்த்தேன், ஒரு கைக்குட்டை கிடையாது. அலமாரியைத் திறந்தால் அவர் சட்டைகள் எல்லாம் என் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்போது அவர் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "சம்பந்தி, போகாதீங்க. எனக்குத் தலை சுத்தல, ஒண்ணும் இல்ல. நீங்க இருக்கணும், அதுக்குத்தான் கேக்குறேன். இருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சொன்னார், "இதைச் சொல்ல நாலு நாளாய்யா உங்களுக்கு? ஜிப்பைத் திறந்து திறந்து மூடி எனக்குக் கையே வலி எடுத்துப்போச்சு." டிக்கெட்டை ரத்து செய்துவிடம்மா.